2011–12 என்பிஏ பருவம்: கதவை அடைத்தவர்கள் யார், பணம் எப்படிப் பிரிந்தது

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்பிஏவில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். 2011–12 பருவத்தில் 66 ஆட்டங்களே நடந்தன. நவம்பர் 1 அன்று தொடங்கியிருக்க வேண்டிய பருவம் டிசம்பர் 25 அன்றுதான் தொடங்கியது. இடையில் நடந்ததைப் பற்றி இன்றும் ரசிகர்களிடையே பேச்சு எழுந்தால், வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றும், கோடிகளில் புரள்பவர்கள் மேலும் கோடிகள் கேட்டு ஆட்டத்தைக் கெடுத்தார்கள் என்றும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை; அணிகளின் முதலாளிகள்தான் அவர்களை உள்ளே விடாமல் கதவை அடைத்தார்கள். வீரர்கள் வருவாயில் கூடுதல் பங்கும் கேட்கவில்லை. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பங்கை அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருந்தது. அதிலிருந்தும் அவர்கள் படிப்படியாக இறங்கித்தான் வந்தார்கள்.

என்பிஏ வீரர்களின் சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது என்பது வெளியே சரியாகத் தெரியாததே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். செய்திகளில் தனித்தனி வீரர்களின் ஒப்பந்தத் தொகைகள் வருகின்றனவே தவிர, அந்தத் தொகைகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் பொதுக் கணக்கு வருவதில்லை. அந்தப் பொதுக் கணக்கைப் புரிந்துகொண்டால் 2011-இல் நடந்த தகராறும், அதற்குப் பின் நடந்த அந்த விசித்திரமான பருவமும் தாமாகவே விளங்கிவிடும். இதற்குக் கூடைப்பந்து விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## வாரத்துக்கு விட்ட நிலம்

நிலத்தைப் பிறரிடம் விட்டுப் பயிர் செய்விப்பதில் இரண்டு முறைகள் உண்டு. குத்தகை என்றால் விளைச்சல் எப்படி இருந்தாலும் பேசிய நெல்லைப் பேசியபடி அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைந்தது எவ்வளவோ, அதில் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, உழுதவர்களுக்கு ஒரு பங்கு. வாரத்தில் சண்டை வந்தால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வரும். பங்கு விகிதம் என்ன என்பது ஒன்று. விதை, உரம், அறுப்புக்கூலி ஆகியவற்றைக் கழித்த பிறகு பங்கிடுவதா, கழிக்காமலே பங்கிடுவதா என்பது மற்றொன்று.

இப்போது ஒரு பெரிய நிலத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாரத்துக்கு எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உழுதவர் பங்கு பாதி என்று பேசியாகிவிட்டது. அந்தப் பாதிக்குள் ஒரு குடும்பம், தாங்கள் அதிகம் உழைத்ததாகச் சொல்லி இரண்டு மூட்டை கூடுதலாகப் பெற்றால், அந்த இரண்டு மூட்டை நிலத்துக்காரரின் பாதியிலிருந்து வராது. மற்ற ஒன்பது குடும்பங்களின் நெல்லிலிருந்துதான் வரும்.

என்பிஏ சம்பளம் வார முறையில் இயங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் குத்தகையாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வீரர் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார் என்று படித்ததும், முதலாளிகளின் பையிலிருந்து அவ்வளவு பணம் கூடுதலாகப் போய்விட்டதாகத் தோன்றுகிறது. 30 அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொகையின் பெரும்பகுதி மற்ற வீரர்களின் பங்கிலிருந்து நகர்ந்து வந்ததாகவே இருக்கும். எப்படி என்பதை அடுத்த இரண்டு பகுதிகளில் பார்க்கலாம்.

## பங்கிடப்படும் வருவாய்

முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து எழுதிக்கொள்ளும் விதித்தொகுப்புக்குக் கூட்டு ஒப்பந்தம் என்று பெயர். சம்பளம், அபராதம், வீரர்களை அணிகளுக்கிடையே மாற்றுதல் ஆகிய எல்லாம் அதில் அடக்கம். அதன் மையத்தில் இருப்பது கூடைப்பந்துசார் வருவாய். நுழைவுச்சீட்டு விற்பனை, தொலைக்காட்சி உரிமம், அரங்கில் விற்கும் உணவு, சட்டைகள் முதலியவற்றிலிருந்து 30 அணிகளுக்கும் வரும் பணத்தின் கூட்டுத்தொகை அது. வாரக் கதையில் களத்தில் குவிந்த நெல் இதுதான்.

எல்லாப் பணமும் அந்தக் குவியலில் சேர்ந்துவிடுவதில்லை. அரங்குக்குப் பெயர் வைக்கும் உரிமை, செல்வந்தர்களுக்கான தனியறைகள் போன்றவற்றின் வருமானத்தில் ஒரு பகுதி மட்டுமே கணக்கில் வரும். புதிய அணி ஒன்று சேரும்போது அது கட்டும் நுழைவுக் கட்டணம் வரவே வராது. ஒரு முதலாளி தன் அணியையே விற்றுப் பெறும் லாபமும் அப்படித்தான்.

2005-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி வருவாயில் 57 சதவீதம் வீரர்களுடையது. 2010–11 பருவத்தில் மொத்த வருவாய் ஏறத்தாழ 380 கோடி டாலர். ஆகவே ஒரு சதவீதப் புள்ளி என்பது ஆண்டுக்கு 3.8 கோடி டாலர். பேச்சுவார்த்தையில் இரண்டு தரப்பும் அரைப் புள்ளிக்கும் கால் புள்ளிக்கும் இரவு முழுக்க மல்லுக்கட்டியதற்கு இதுவே காரணம்.

அந்த ஆண்டில் 30 அணிகளில் 22 அணிகள் நட்டத்தில் ஓடியதாகவும், மொத்த நட்டம் 30 கோடி டாலர் என்றும் என்பிஏ நிர்வாகம் சொன்னது. சங்கம் இதை ஏற்கவில்லை. அணியை வாங்குவதற்காக முதலாளி வாங்கிய கடனின் வட்டி, கணக்குப் புத்தகத்தில் மட்டும் குறையும் தேய்மானம் ஆகியவற்றையெல்லாம் நட்டமாகக் காட்டினால் அதற்கு வீரர்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று கேட்டது. இருதரப்புக் கணக்கில் எது சரி என்று வெளியாட்கள் உறுதியாகத் தீர்ப்புச் சொல்வது கடினம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: நட்டத்தைப் பற்றிய புலம்பல் உச்சத்தில் இருந்த 2010-இல்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 45 கோடி டாலருக்கு விற்பனையானது. அதுவரை எந்த என்பிஏ அணியும் அந்த விலைக்குப் போனதில்லை. நட்டம் வரும் தொழிலை யாரும் அந்த விலை கொடுத்து வாங்குவார்களா என்று சங்கத்தின் பக்கம் இருந்தவர்கள் கேட்டதில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

## பிடித்தம்: பங்கைச் சரிக்கட்டும் கருவி

ஒரு சிக்கல் உண்டு. வீரர்கள் தனித்தனியாக, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அணிகளோடு கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தொகைகளையெல்லாம் கூட்டினால் சரியாக 57 சதவீதம் எப்படி வரும்?

தானாக வராது என்பதால்தான் பிடித்தம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பருவம் முழுவதும் ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து, தனிக்கணக்கில் போட்டு வைத்துவிடுவார்கள். 2010–11-இல் அது 8 சதவீதம். பருவம் முடிந்து வருவாய் கணக்கிடப்பட்டதும், மொத்தச் சம்பளம் வீரர்களின் பங்கைத் தாண்டியிருந்தால் தாண்டிய அளவுக்குப் பிடித்தத்திலிருந்து முதலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். மீதி வீரர்களுக்குத் திரும்பும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையும் கடைசியில் கைக்கு வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

கதவடைப்பு நடந்துகொண்டிருந்த 2011 கோடையில் வந்த கணக்கு வேடிக்கையானது. அந்த ஆண்டு மொத்தச் சம்பளம் 57 சதவீதத்தைத் தொடவே இல்லை. எனவே பிடித்து வைத்திருந்த 8 சதவீதம், அதாவது சுமார் 16 கோடி டாலர், முழுமையாக வீரர்களுக்குத் திரும்பியது. அதற்கு மேல் குறைந்த பங்கை ஈடுகட்ட முதலாளிகள் இன்னும் 2.6 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. வீரர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதே வீரர்களுக்குப் பாக்கியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வருவாய் ஒரே குவியலாகக் கணக்கிடப்படுகிறது, அதில் வீரர்களின் பங்கு முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகிறது, தனித்தனி ஒப்பந்தங்கள் கூடினாலும் குறைந்தாலும் பிடித்தம் அந்தப் பங்கைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆகவே 2011-இல் தகராறு எழுந்தது எந்த வீரரின் சம்பளத்தைப் பற்றியும் இல்லை, பங்கு விகிதத்தைப் பற்றியே.

## தாண்டக்கூடிய உச்சவரம்பு

சம்பள உச்சவரம்பு என்பது ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கான வரம்பு. எதிர்பார்க்கப்படும் வருவாயில் ஒரு பகுதியை எடுத்து, அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆண்டுதோறும் அதைப் புதிதாக நிர்ணயிப்பார்கள். 1984–85-இல் இம்முறை நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 36 லட்சம் டாலர். 2011–12-இல் அது சுமார் 5.80 கோடி டாலர்.

வரம்பு என்றதும் தாண்ட முடியாதது என்று எண்ணுவது இயல்பு. என்பிஏ வரம்பைத் தாண்டலாம், அதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படுவது. ஓர் அணி தன்னிடம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் வீரரைத் தக்கவைக்க, வரம்பைத் தாண்டியும் அவரோடு ஒப்பந்தம் செய்யலாம் என்பதே அதன் சாரம். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதற்குத்தான் பெரும்பாலும் வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும்.

தாண்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. வரம்புக்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது. 2011–12-இல் அது சுமார் 7.03 கோடி டாலர். அப்போது அதையும் தாண்டிய ஒவ்வொரு டாலர் சம்பளத்துக்கும் ஒரு டாலரை அணி என்பிஏ கழகத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு ஆடம்பர வரி என்று பெயர். அரசாங்கத்துக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமில்லை, முதலாளிகள் தங்களுக்குள் வசூலித்துக்கொள்வது. லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் போன்ற பெருநகர அணிகள் இந்த வரியைக் கட்டிக்கொண்டே நட்சத்திரங்களைச் சேர்த்தன. சிறுநகர அணிகளால் அது முடியவில்லை. முதலாளிகள் 2011 பேச்சுவார்த்தையை எந்த விதிவிலக்கும் இல்லாத, ஏறத்தாழ 4.5 கோடி டாலர் அளவிலான உறுதியான வரம்பு வேண்டும் என்ற கோரிக்கையோடு தொடங்கினார்கள். முதலாளிகளுக்குள்ளேயே பெருநகரத்தாருக்கும் சிறுநகரத்தாருக்கும் இருந்த பிணக்கு இந்தக் கோரிக்கைக்குள் ஒளிந்திருந்தது.

## கதவடைப்பும் அதன் காலக் கணக்கும்

தொழிலாளர்கள் தாமாக வேலையை விட்டு வெளியேறினால் அது வேலைநிறுத்தம். வேலை செய்யத் தயாராக இருப்பவர்களை நிர்வாகம் உள்ளே விடாமல் நிறுத்தினால் அது கதவடைப்பு. 2005 கூட்டு ஒப்பந்தம் 2011 ஜூன் 30 அன்று காலாவதியானது. புதிய ஒப்பந்தம் ஏற்படாததால் ஜூலை 1 அன்று முதலாளிகள் கதவை அடைத்தார்கள். என்பிஏ வரலாற்றில் அது நான்காவது கதவடைப்பு. 1995-இலும் 1996-இலும் நடந்தவற்றால் ஆட்டங்கள் பாதிக்கப்படவில்லை. 1998-இல் தொடங்கியது அந்தப் பருவத்தை 50 ஆட்டங்களாகச் சுருக்கியது. மறுபக்கம், 1964-இல் பாஸ்டனில் ஓய்வூதிய உறுதிமொழி கேட்டு நட்சத்திர வீரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்த சிறிது நேரத்தைத் தவிர, வேலைநிறுத்தம் என்று சொல்லத்தக்க எதனாலும் அதுவரை ஓர் ஆட்டம்கூட நின்றதில்லை.

ஏன் ஜூலையிலேயே அடைக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய விதிகளின்படியே பருவத்தைத் தொடங்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், வீரர்கள் ஏப்ரல் வரை ஆடி, ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, முதலாளிகளுக்குப் பணம் கொட்டும் இறுதிச்சுற்று நேரத்தில் வேலைநிறுத்தம் செய்யக்கூடும். அப்போது துருப்புச் சீட்டு வீரர்களின் கையில் இருக்கும். கோடையில் கதவை அடைத்தால் நிலைமை தலைகீழ். ஆட்டம் இல்லாத மாதங்களில் முதலாளிகளுக்கு இழப்பு குறைவு. நவம்பர் 15 அன்று வர வேண்டிய முதல் சம்பளம் வராதபோது வீரர்களுக்கு நெருக்கடி தொடங்கும்.

கதவடைப்பு என்பது வெறும் சொல்லலங்காரமாக இருக்கவில்லை. வீரர்கள் அணிகளின் பயிற்சிக்கூடங்களுக்குள் நுழையக் கூடாது. பயிற்சியாளர்கள் வீரர்களோடு தொடர்புகொள்ளக் கூடாது. என்பிஏ இணையதளத்திலிருந்து அப்போதைய வீரர்களின் படங்கள்கூட அகற்றப்பட்டன. பேச்சுவார்த்தை பற்றி முதலாளிகள் வெளியே வாய் திறக்கவும் தடை. மயாமி ஹீட் அணியின் உரிமையாளர் மிக்கி அரிசன், பிடிவாதம் பிடிப்பது தான் இல்லை என்ற பொருளில் ட்விட்டரில் ஒரு ரசிகருக்குப் பதில் எழுதியதற்காக 5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்.

இந்த இடத்தில் மைக்கேல் ஜோர்டானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998 பேச்சுவார்த்தையின்போது வீரராக இருந்த அவர், லாபம் ஈட்ட முடியாவிட்டால் அணியை விற்றுவிடுங்கள் என்று வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஏப் போலினிடம் நேருக்கு நேர் சொன்னவர். 2011-இல் சார்லட் பாப்கேட்ஸ் அணியின் உரிமையாளராக, வீரர்களின் பங்கைக் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்ற தரப்பில் நின்றார்.

சில வீரர்கள் வெளிநாடு போனார்கள். நியூ ஜெர்சி நெட்ஸ் வீரர் டெரான் வில்லியம்ஸ் துருக்கியின் பெஷிக்டாஷ் அணிக்கு ஆடினார். கதவு திறந்ததும் திரும்பினார். சீனாவுக்குப் போன ஜே. ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர், கென்யன் மார்ட்டின் ஆகியோருக்கு அந்த வசதி இல்லை. பருவம் முடியும்முன் விலகிப்போக அனுமதிக்கும் ஒப்பந்தங்களைச் சீனக் கூடைப்பந்துக் கழகம் தடை செய்திருந்ததால், என்பிஏ தொடங்கிய பிறகும் அவர்களால் உடனே திரும்பி வந்து ஆட முடியவில்லை.

## சங்கமே வேண்டாம் என்ற சங்கம்

பேச்சுவார்த்தையில் கழக ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் ஒருபக்கமும், சங்கத்தின் நிர்வாக இயக்குநர் பில்லி ஹண்டரும் சங்கத் தலைவரான வீரர் டெரெக் ஃபிஷரும் மறுபக்கமும் இருந்தார்கள். வீரர்கள் 57-இலிருந்து 54.3-க்கும், பிறகு 53-க்கும், பிறகு 52.5-க்கும் இறங்கினார்கள். முதலாளிகள் பாதிக்குப் பாதி என்பதில் வந்து நின்றார்கள். அக்டோபர் 10 அன்று முதல் இரண்டு வார ஆட்டங்களும், அம்மாத இறுதியில் நவம்பர் ஆட்டங்கள் அனைத்தும் ரத்தாயின.

நவம்பர் 14 அன்று சங்கம் எடுத்த முடிவு முதல் பார்வையில் புரியாதது. வீரர்களின் பிரதிநிதியாக இருக்கும் பொறுப்பை அது துறந்தது. தோற்கும் தறுவாயில் தன் ஆயுதத்தைத் தானே கீழே போடுவது போன்ற இந்தச் செயலுக்குப் பின்னால் அமெரிக்கச் சட்டத்தின் ஒரு முடிச்சு இருந்தது.

ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் கூடிப் பேசி, தொழிலாளர்களுக்கு இதற்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவெடுப்பது அமெரிக்காவில் குற்றம். இதைத் தடுக்கும் சட்டங்களைப் போட்டித் தடுப்பு எதிர்ப்புச் சட்டங்கள் எனலாம். அப்படிப் பார்த்தால் 30 அணிகள் சேர்ந்து சம்பள உச்சவரம்பு வைப்பதே சட்டவிரோதம். ஒரே ஒரு காரணத்தால்தான் அது செல்லுபடியாகிறது: ஒரு தொழிற்சங்கத்தோடு கூட்டாகப் பேசி முடித்த ஏற்பாடுகளுக்கு அந்தச் சட்டங்களிலிருந்து விலக்கு உண்டு. அதாவது சங்கம் இருப்பதுதான் முதலாளிகளுக்கு அரண். சங்கம் விலகிக்கொண்டால் அரணும் போய்விடும் என்று வீரர்கள் வாதிடலாம். தனித்தனி வீரர்கள் மறுநாளே கலிஃபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் வழக்குத் தொடுத்தார்கள். இத்தகைய வழக்கில் தோற்றால் இழப்பீட்டை மூன்று மடங்காகக் கட்ட வேண்டிவரும்.

வழக்குகள் தீர்ப்பு வரை போகவில்லை. நியூயார்க்கில் 15 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பேச்சுக்குப் பிறகு நவம்பர் 26 அதிகாலையில் உடன்பாடு எட்டப்பட்டது. சங்கம் மீண்டும் சங்கமானது. டிசம்பர் 8 அன்று இருதரப்பும் ஒப்புதல் அளித்தபோது கதவடைப்பு 161 நாட்களைத் தொட்டிருந்தது. வீரர்களின் பங்கு 2011–12-க்கு 51.15 சதவீதம் என்றும், அடுத்த ஆண்டுகளில் வருவாயைப் பொறுத்து 49-க்கும் 51-க்கும் இடையே என்றும் முடிவானது. 57-இலிருந்து ஏறத்தாழ 50-க்கு இறங்கினால் ஏழு புள்ளிகள்; புள்ளிக்கு 3.8 கோடி என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 26 கோடி டாலருக்கும் மேல். முதலாளிகள் சொன்ன 30 கோடி நட்டத்துக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். உறுதியான வரம்பை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். விதிவிலக்குகள் சற்றுச் சுருங்கின, ஆடம்பர வரி பின்னாளில் கடுமையாகும் என்று எழுதப்பட்டது.

சுருக்கமாக: ஆட்டத்தை நிறுத்தியவர்கள் முதலாளிகள், நிறுத்திய நேரம் திட்டமிட்டது, வீரர்களிடம் இருந்த வலுவான எதிர்வினை சங்கத்தைக் கலைத்து வழக்குப் போடுவது, முடிவில் பங்கு இடம் மாறியது, உச்சவரம்பின் அடிப்படை அமைப்பு அப்படியே நின்றது.

## 124 நாட்களில் 66 ஆட்டங்கள்

கிறிஸ்துமஸ் அன்று ஐந்து ஆட்டங்களோடு பருவம் தொடங்கியது. ஏப்ரல் 26 வரை 124 நாட்களில் ஒவ்வோர் அணியும் 66 ஆட்டங்கள் ஆட வேண்டும். மூன்று இரவுகள் அடுத்தடுத்து ஆடும் கட்டாயம் ஒவ்வோர் அணிக்கும் ஒரு முறையாவது வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் முதல் மூன்று நாட்களிலேயே அதைச் சந்தித்தது: 25, 26, 27 தேதிகளில் மூன்று ஆட்டங்கள், முதல் இரண்டிலும் தோல்வி. பயிற்சி முகாமுக்கே இரண்டு வாரம்தான் கிடைத்திருந்ததால் ஆட்டத்தின் தரமும் இறங்கியது. முந்தைய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 99.6 புள்ளிகள் எடுத்தது. இந்தப் பருவத்தில் 96.3.

இந்த நெருக்கடியைச் சரியாகக் கணித்தவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச். மூத்த வீரர்களைச் சில ஆட்டங்களில் உட்காரவைத்துவிடுவார். மார்ச் 25 அன்று பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 35 வயதான டிம் டங்கன் ஆடவில்லை. ஆட்ட விவரத்தாளில் ஒரு வீரர் ஆடாததற்குக் காயம், பயிற்சியாளர் முடிவு என்று ஏதாவது காரணம் எழுதுவது மரபு. அன்று டங்கனின் பெயருக்கு எதிரே இருந்த காரணம், கிழவர் என்பது. அந்த அணி 50 வெற்றி, 16 தோல்வி என்ற கணக்கில் சிகாகோ புல்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது.

சிகாகோவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. ஏப்ரல் 28 அன்று இறுதிச்சுற்றுகளின் முதல் ஆட்டத்தில், வெற்றி ஏறக்குறைய உறுதியாகிவிட்ட கடைசி நிமிடங்களில், டெரிக் ரோஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. நெருக்கமான அட்டவணைதான் காரணம் என்று பலர் அன்றே முடிவு கட்டினார்கள். ரோஸ் அந்தப் பருவத்தில் வெவ்வேறு காயங்களால் 27 ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார் என்பதை வைத்துப் பார்த்தால், அட்டவணைக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஒரே ஒரு காயத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

ஜோர்டானின் சார்லட் அணி 7 வெற்றி, 59 தோல்வி என்று முடித்தது. 1972–73-இல் பிலடெல்ஃபியா 82 ஆட்டங்களில் 9 வென்றதைவிட வெற்றி விகிதத்தில் இது கீழே. கடைசி 23 ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றார்கள். கோப்பை மயாமி ஹீட்டுக்குப் போனது. ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிராக முதல் ஆட்டத்தில் தோற்று அடுத்த நான்கையும் வென்றார்கள். லெப்ரான் ஜேம்ஸின் முதல் பட்டம் அது. குறுகிய பருவத்தில் வென்ற பட்டம் மாற்றுக் குறைந்தது என்று சொல்பவர்கள், இறுதிச்சுற்றுகள் மட்டும் ஓர் ஆட்டம்கூடக் குறையாமல் முழுமையாக நடந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

## விதிகளின் ஊடே ஒரு வீரர்

விதிகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஜெரமி லின் என்ற வீரரின் அந்த ஓராண்டுப் பாதையைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த அவர், புதுமுகத் தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல் கோல்டன் ஸ்டேட் அணியில் ஓரமாக இருந்தவர்.

புதிய ஒப்பந்தத்தில் மன்னிப்பு விதி என்று ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. ஓர் அணி ஒரே ஒரு வீரரை விடுவித்துவிடலாம். அவருடைய சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும், ஆனால் அது உச்சவரம்புக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் சேராது. ஆர்லாண்டோ அணி கில்பர்ட் அரினாஸையும் கிளீவ்லாந்து அணி பாரன் டேவிஸையும் அப்படித்தான் விடுவித்தன. கோல்டன் ஸ்டேட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸின் உயரமான இளம் வீரர் டிஆண்ட்ரே ஜோர்டான் மீது கண். நான்கு ஆண்டுகளுக்கு 4.3 கோடி டாலர் கொடுக்க வரம்புக்குள் இடம் தேவைப்பட்டது. சார்லி பெல் என்பவரை மன்னிப்பு விதியில் விடுவித்தார்கள். அதுவும் போதாமல், பயிற்சி முகாம் தொடங்கிய டிசம்பர் 9 அன்றே லின்னையும் விடுவித்தார்கள். கடைசியில் கிளிப்பர்ஸ் அதே தொகையைத் தருவதாகச் சொல்லி ஜோர்டானைத் தக்கவைத்துக்கொண்டது. பெல்லும் லின்னும் போனதுதான் மிச்சம்.

லின்னை எடுத்துக்கொண்ட ஹூஸ்டன் ராக்கெட்ஸும், சாமுவேல் டாலம்பேருக்கு இடம் ஒதுக்க வேண்டி, டிசம்பர் 24 அன்று அவரை விடுவித்தது. மூன்று நாள் கழித்து நியூயார்க் நிக்ஸ் எடுத்தது. பிப்ரவரி 4 அன்று நெட்ஸுக்கு எதிராகக் களமிறங்கி 25 புள்ளிகள் குவித்தார். பிப்ரவரி 10 அன்று லேக்கர்ஸுக்கு எதிராக 38. சில வாரங்களுக்கு அமெரிக்காவில் கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கும் அவர் பெயர் தெரிந்திருந்தது. அப்போது அவர் வாங்கியது குறைந்தபட்சச் சம்பளம்.

அந்தக் கோடையில் ஹூஸ்டன் அவரைத் திரும்ப அழைத்தது, மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் என்று. தொகையைப் பிரித்த விதத்தில் கணக்கு இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் சுமார் 50 லட்சம் வீதம், மூன்றாம் ஆண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 1.5 கோடி. அதே தொகைக்குச் சம்மதித்தால் நிக்ஸ் லின்னைத் தக்கவைத்திருக்கலாம். ஆனால் மூன்றாம் ஆண்டு 2014–15. 2011 ஒப்பந்தத்தின் கடுமையான ஆடம்பர வரி 2013–14-இலேயே நடைமுறைக்கு வந்துவிடும். டாலருக்கு டாலர் என்றிருந்த வரி, கோட்டைத் தாண்டிய முதல் 50 லட்சத்துக்கே டாலருக்கு ஒன்றரை டாலராகவும், மேலே போகப் போக இன்னும் அதிகமாகவும் உயரும். நட்சத்திரங்களின் சம்பளத்தால் ஏற்கெனவே கோட்டுக்கு அருகில் இருந்த நிக்ஸுக்கு, லின்னின் அந்த ஓராண்டுச் சம்பளத்தைவிட அதற்கான வரி பெரிதாகிவிடும் நிலை. 2012 ஜூலையில் நிக்ஸ் அந்தத் தொகைக்குச் சம்மதிக்காமல் விட்டது. ஏழு மாதங்களுக்கு முன் தன்னை விடுவித்த ஹூஸ்டனுக்கே லின் திரும்பிப் போனார்.